இரண்டாவது டப்பா

சென்னை ரிச்சி தெருவில் ப்ராசஸர் விலைக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, டிஸ்ட்ரிபியூட்டரிடம் அன்றைய ரேட் கேட்பது. தொண்ணூறுகளின் கடைசியில் ஃபேக்ஸில் ஒரு தாள் வரும். பிறகு எஸ்எம்எஸ் வந்தது, இப்போது வாட்ஸ்அப். நேற்று எழுதிக் கொடுத்த கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம், "சார், அது நேத்து ரேட்டு. இன்னிக்கு எரநூறு கூட" என்று சொல்வது எங்கள் தொழிலில் அன்றாடம். அவர் நம்பமாட்டார். நாலு கடை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வருவார்.

இந்த இருநூறு, முந்நூறு ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் காரணம் சொல்லிவிடலாம். டாலர் ஏறியிருக்கும், சரக்கு வர ஒரு வாரம் தாமதமாகியிருக்கும், மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க யாராவது ரேட்டை உடைத்திருப்பார்கள். ஆனால் ஒரே வாரத்தில் ப்ராசஸர் விலை பாதியானதையும், வருடக்கணக்கில் அது அசையாமல் நின்றதையும் இதே கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்கு டாலரோ கப்பலோ காரணமில்லை. எங்கள் தெருவில் விற்கும் டெஸ்க்டாப்புகளுக்கு ப்ராசஸர் செய்பவர்கள் இன்று உலகத்திலேயே இரண்டே பேர்: இன்டெல், ஏஎம்டி. இவரிடம் நல்ல சரக்கு இருந்தால் அவர் விலை இறங்கும். இவர் தளர்ந்தால் அவர் விலை நின்றுவிடும். ஏஎம்டி டப்பாவைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், ஏஎம்டியால் மிச்சப்படுத்திய பணம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் தெருவுக்கு வந்தது பென்டியம் எம்எம்எக்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ரேடியோ உதிரி, ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் விற்ற கடைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் கடைகளாக மாறிக்கொண்டிருந்தன. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்த்துத்தான் ஊரில் ரிச்சி தெரு என்பார்கள். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்கள் எங்களிடம் வருவார்கள். போர்டு, ப்ராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட் என்று உதிரியாக வாங்கிப் பூட்டிக் கொடுப்போம். அசெம்பிள்டு செட் என்று பெயர். ப்ராசஸரில் எங்களுக்கு நிற்கும் லாபம் மிகச் சொற்பம். கேபினெட்டிலும் கீபோர்டிலும்தான் வாடகைக்குத் தேறும். ஆனாலும் வாடிக்கையாளர் விலை விசாரிப்பது ப்ராசஸரைத்தான். அதில் நூறு ரூபாய் கூடச் சொன்னால் மொத்த செட்டும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

கடைக்கு வருகிறவர்கள் இரண்டு ப்ராசஸரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே சைஸ்தானே, இதுக்கு நாலாயிரம், அதுக்கு ஏன் பதினஞ்சாயிரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நேரான பதில் சொல்லும் கடைக்காரர்கள் குறைவு. ஒரே சிலிக்கான் வட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை அச்சடிக்கிறார்கள். அறுத்து எடுத்துச் சோதித்தால் சில வேகமாக ஓடும், சில சுமாராக ஓடும், சிலவற்றில் ஒரு மூலை பழுதாக இருக்கும். அதைப் பார்த்துத் தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு பெயரும் விலையும் வைக்கிறார்கள். இதுவரைக்கும் நியாயம். ஆனால் விலை உயர்ந்த தரத்தைக் கேட்பவர்களைவிட மலிவானதைக் கேட்பவர்கள் எப்போதும் அதிகம். அதனால் நன்றாக இருக்கும் சில்லையே ஒரு பகுதியை அணைத்து, கீழ்த்தரப் பெயர் போட்டு விற்பதும் உண்டு. 1991-இல் வந்த 486 எஸ்எக்ஸ் அப்படித்தான். 486 டிஎக்ஸின் அதே சில்லு, கணக்குப் போடும் பகுதியை மட்டும் அணைத்திருந்தார்கள். பிறகு அந்தக் கணக்குப் பகுதி வேண்டுமென்பவருக்கு 487 என்று தனியாக விற்றார்கள். அது உண்மையில் முழு 486. செருகியதும் பழையதைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். ஏஎம்டி தன் 386-ஐ மலிவு விலையில் கொண்டுவந்து சந்தையைப் பிடித்ததும் அதே 1991-இல்தான். எதிரே மலிவு டப்பா ஒன்று வந்துவிட்டால், தன் விலை உயர்ந்த சரக்கின் விலையைக் குறைக்காமலேயே மலிவான பெயர் ஒன்றை உண்டாக்குவது இந்தத் தொழிலின் பழைய உத்தி.

அந்த உத்தி ஒருமுறை வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே திரும்பியது. செலரான் 300ஏ. இதை நினைத்தால் இன்றும் எனக்கு உற்சாகம் வருகிறது. ஏஎம்டியின் கே6-2 1998 மே மாதம் வந்து கீழ்மட்டச் சந்தையைக் கலக்கிக்கொண்டிருந்தது. பழைய சாக்கெட் 7 வகை போர்டிலேயே போகும், விலையும் குறைவு. இன்டெல் முதலில் இறக்கிய செலரானில் இரண்டாம் நிலை கேஷ் மெமரியே கிடையாது. ஆமை மாதிரி இருந்தது. ஆகஸ்டில் அதைத் திருத்திச் சில்லுக்குள்ளேயே 128 கேபி கேஷ் வைத்து 300ஏ-யை இறக்கினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். அதே நாளில் அறிமுகமான 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். போர்டில் 66 என்று இருப்பதை 100 என்று மாற்றினால் 300ஏ அப்படியே 450-இல் ஓடும். பெரும்பாலான பீஸ்கள் சாதாரண ஃபேனோடே ஓடின. சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு பொறியியல் கல்லூரிப் பையன்கள் கடைக்குள் வந்து, டப்பாவில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். எந்த பேட்ச் நன்றாக ஏறுகிறது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. 669 டாலர் வேலையை 149 டாலர் சில்லு செய்தபோது, இத்தனை நாள் அந்த 520 டாலர் எதற்காக என்ற கேள்வி தெருவில் எல்லோருக்கும் வந்தது.

அப்போது களத்தில் இன்னொருவரும் இருந்தார், சைரிக்ஸ். விலை மிகக் குறைவு, கேம் ஆடினால் திணறும். 1997-இல் நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது, 1999-இல் வியா கைக்குப் போனது. அதோடு மூன்றாவது ஆள் கதை முடிந்த மாதிரிதான்.

ஏஎம்டி ஏழை வீட்டுப் பிராண்டு என்ற பேச்சு மாறியது ஆத்லானில். 1999-இல் வந்தது. 2000 மார்ச் 6-ஆம் தேதி ஒரு கிகாஹெர்ட்ஸை முதலில் தொட்டது ஏஎம்டி, இன்டெல் தொட்டது இரண்டு நாள் கழித்து. அதன் விலை 1,299 டாலர், இதன் விலை 990. எங்கள் தெருவில் இரண்டையும் யாரும் வாங்கவில்லை. ஆனால் மேலே அடித்துக்கொண்டால் கீழே விலை சரியும் என்பதை அந்த வருடமும் அடுத்த வருடமும் பார்த்தோம். 2001 ஜூலையில் 562 டாலருக்கு வந்த 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, ஆகஸ்ட் கடைசியில் 256 டாலர்.

ஆத்லான் எக்ஸ்பி பூட்டுவது ஒரு தனிக் கலை. இப்போதுள்ள ப்ராசஸர்களின் மேல் ஒரு உலோக மூடி இருக்கிறது. அதில் அது கிடையாது. பச்சை அல்லது பழுப்புத் தட்டின் நடுவில் விரல் நகம் அளவுக்குச் சில்லு அப்படியே திறந்து கிடக்கும். நாலு மூலையிலும் ரப்பர் பொத்தான். ஹீட்சிங்கை மேலே வைத்து, அதன் கிளிப்பை ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திச் சாக்கெட்டின் பல்லில் மாட்ட வேண்டும். கை ஒரு பக்கம் சாய்ந்தால் சில்லின் மூலை உடையும். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் போர்டின் கோடு அறுந்துவிடும். இரண்டுக்கும் வாரண்டி கிடையாது. அதனால் கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் பழைய செத்த போர்டில் பழக விடுவோம். பேஸ்ட்டை அரிசி அளவு வைத்து, ஹீட்சிங்கை மட்டமாக இறக்கி, கிளிப்பை இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கஷ்டம் ரேட்டில் ஏறாது. ஆனால் அதே காசுக்கு பென்டியம் 4-ஐவிட நன்றாக ஓடும் மெஷின் கிடைத்தது. ஆரம்பத்தில் பென்டியம் 4-க்கு ஆர்டிராம் என்ற யானை விலை மெமரி வேண்டியிருந்தது. ஆத்லானுக்குச் சாதாரண மெமரி போதும்.

இருந்தும் பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் இன்டெல்தான் கேட்பார்கள். டிவியில் இன்டெல் விளம்பரத்தின் அந்த மெட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. "அண்ணே, ஏஎம்டி சூடாகுமாமே?" என்பது இருபது வருடமாக என்னைத் துரத்திய கேள்வி. ஹீட்சிங் இல்லாமல் ஆத்லானை ஓட்டினால் புகைவது உண்மைதான், 2001-இல் அதைப் படமெடுத்தே காட்டினார்கள். ஆனால் ஹீட்சிங் இல்லாமல் யார் ஓட்டப் போகிறார்கள்? கொஞ்ச நாளிலேயே உண்மையில் அதிகம் சூடானது பென்டியம் 4-இன் பிரெஸ்காட் ரகம். அது பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் கம்ப்யூட்டர்களில் அப்போது ஏஎம்டி அரிதாகவே கண்ணில் படும். சரக்கு நன்றாக இருந்தும் ஏன் என்று தெருவில் பேசிக்கொள்வோம். 2009 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டபோது அதன் பின்னணி வெளியே வந்தது. எல்லாவற்றையும் அல்லது ஏறக்குறைய எல்லாவற்றையும் தன்னிடமே வாங்கினால்தான் தள்ளுபடி என்று தயாரிப்பாளர்களிடம் இன்டெல் நிபந்தனை வைத்ததாக ஆணையம் சொன்னது. அதில் ஒரு விவரம் என் மனதில் அப்படியே நிற்கிறது. ஏஎம்டி ஒரு தயாரிப்பாளரிடம் பத்து லட்சம் ப்ராசஸரை இலவசமாகவே தருகிறேன் என்றது. அவர் எடுத்துக்கொண்டது 1,60,000 மட்டும். மொத்தத்தையும் எடுத்தால், வாங்கப்போகும் மற்ற லட்சக்கணக்கான ப்ராசஸருக்கு இன்டெல்லிடமிருந்து வரும் தள்ளுபடி போய்விடும். சும்மா கொடுத்தாலும் வாங்க முடியாத நிலை! அந்த வருட நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. ஐரோப்பிய வழக்கு மட்டும் நீண்டுகொண்டே போய், 2022-இல் நீதிமன்றம் தள்ளுபடி தொடர்பான பகுதியை, ஆணையத்தின் ஆய்வு போதாது என்று ரத்து செய்தது. சட்டம் எப்படிப் பார்த்தாலும், அந்த வருடங்களில் ஏஎம்டி சம்பாதித்திருக்க வேண்டிய பணம் வரவில்லை. அந்தப் பணம் இல்லாததன் விளைவைப் பின்னால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அனுபவித்தோம்.

அதற்கு முன் ஏஎம்டி முன்னணியில் இருந்தபோது எப்படி விலை வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2005-இல் இரட்டை கோர் ப்ராசஸர்கள் வந்தன. இன்டெல்லின் பென்டியம் டி 241 டாலரில் தொடங்கியது. அதைவிட நல்ல சரக்கான ஆத்லான் 64 எக்ஸ்2-வின் மிகக் குறைந்த மாடலே 537 டாலர். ஏழைகளின் தோழன் என்று நாங்கள் நினைத்திருந்த கம்பெனி, கை ஓங்கியதும் எல்லோரையும் போலத்தான் விலை வைத்தது. அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்கும் நான் ரசிகனில்லை.

பிறகு வந்தது 2006 ஜூலை. தமிழ்நாட்டில் ஜூலை என்றால் பொறியியல் கவுன்சிலிங். சீட்டு கிடைத்த கையோடு அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். வருடத்தில் எங்கள் பெரிய சீசன் அதுதான். ஜூன் கடைசியிலேயே கடன் வாங்கியாவது சரக்கு எடுத்து வைப்போம். அந்த ஜூலை 27-ஆம் தேதி இன்டெல் கோர் 2 டியோவை இறக்கியது. 183 டாலரிலிருந்து ஆரம்பம், வேகத்தில் ஏஎம்டியைத் தூக்கிச் சாப்பிட்டது. வருவது தெரிந்து ஏஎம்டி மூன்று நாள் முன்னதாகவே விலையை வெட்டியது. எக்ஸ்2 3800+ 303 டாலரிலிருந்து 152-க்கும், 5000+ 696-லிருந்து 301-க்கும் வந்தன. திங்கட்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை பாதி விலை.

வாங்க வந்தவர்களுக்குத் திருவிழா. அலமாரியில் பழைய ரேட் சரக்கை வைத்திருந்த எங்களுக்கு? விலை இறங்கினால் கையிருப்புக்கு ஈடு கொடுப்பது பிரைஸ் ப்ரொடெக்‌ஷன். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் பெரிய டீலருக்குக் கொடுப்பார், அந்தச் சங்கிலி எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு வருவதற்குள் அறுந்துவிடும். நான் சரக்கு எடுத்த இடத்தில், "உங்க பேர்ல டைரக்ட் பில்லிங் இல்லையேண்ணே, க்ரெடிட் நோட் எப்படிப் போடறது?" என்றார்கள். டப்பாக்களைக் கொள்முதல் விலையில் பாதிக்கு விற்றேன். வைத்திருந்தால் அதுவும் வந்திருக்காது. தெருவில் இரண்டு கடை அந்த சீசனோடு கைமாறியது. ப்ராசஸர் விலைப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. இரண்டு யானைகளும் சண்டை போடும்போது வெட்டிய விலையின் ஒரு பகுதி சின்னக் கடைக்காரரின் கையிலிருந்து போகிறது. இவ்வளவும் பட்ட பிறகும் சொல்கிறேன், சண்டை நடக்கிற வருடங்களே எனக்கு நல்ல வருடங்கள். விலை பாதியானால் வாங்க வருகிறவர்கள் பெருகுவார்கள். விலை அசையாத வருடங்களில் யாரும் படியேறுவதில்லை.

கோர் 2 வந்த சூட்டில் இன்டெல் தன் விலையையும் வெட்டிக்கொண்டே போனது. நாலு கோர் க்யூ6600 2007 ஜனவரியில் 851 டாலர், ஏப்ரலில் 530, ஜூலையில் 266. ஆறே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதற்கப்புறம் அந்த வேகம் நின்றுவிட்டது. ஏஎம்டியின் ஃபீனம் 2007 கடைசியில் ஒரு குறையோடு வந்தது. 2011-இல் வந்த புல்டோசர் எட்டு கோர் என்று சொல்லிக்கொண்டு மின்சாரத்தைக் குடித்தது, வேலை செய்யவில்லை. ஏஎம்டி தன் தொழிற்சாலைகளையே தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. 2015-இல் அதன் பங்கு 2 டாலருக்குக் கீழே போனது.

2011-இல் இன்டெல் ஐ7-2600கே: நாலு கோர், 317 டாலர். 2017 ஜனவரியில் ஐ7-7700கே: நாலு கோர், 339 டாலர். நடுவில் வந்த ஒவ்வொன்றும் அதே நாலு கோர், ஏறக்குறைய அதே விலை, வருடத்துக்குக் கொஞ்சம் வேகம். இதற்கிடையில் 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. டாலரில் நிற்கும் விலை ரூபாயில் ஏறிக்கொண்டே போயிற்று. அப்கிரேடு கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொன்ன பதில்தான் எனக்கே பிடிக்காத பதில். 1156, 1155, 1150, 1151 என்று சாக்கெட் மாறிக்கொண்டே இருந்தது. "ப்ராசஸர் மாத்தணும்னா போர்டும் மாத்தணும் சார்." அவர் தன் பழைய கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தெருவில் பலர் அப்போதுதான் மொபைல் ஆக்ஸசரீஸுக்கும் சிசிடிவிக்கும் மாறினார்கள். கடையை மாற்றாமல் நான் சிசிடிவியும் சேர்த்துப் பார்த்தேன்.

அந்த வருடங்களில்தான் வாரண்டித் தகராறும் தொடங்கியது. வெளிநாட்டில் வாங்கி வந்த டப்பா இங்கே விலை குறைவாகக் கிடைக்கும். இந்தியாவில் அங்கீகரித்த டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கிய டப்பாவுக்கு மட்டுமே இங்கே வாரண்டி என்று 2016-இல் இன்டெல் விதியை மாற்றியது. 2019-இல் இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரிக்க உத்தரவிட்டது. ஒரே பொருள், ஒரே கம்பெனி, சிங்கப்பூரில் ஒரு விலை, சென்னையில் ஒரு விலை. அந்த வித்தியாசத்தைக் குறைத்து வைத்திருந்ததே அப்படி வந்த டப்பாக்கள்தாம்.

2017 மார்ச் 2. ரைசன். இன்டெல்லிடம் எட்டு கோர் வேண்டுமென்றால் ஐ7-6900கே, 1,089 டாலர். அதற்கென்று தனிப் போர்டு வேறு. ஏஎம்டி எட்டு கோரை 329 டாலரிலிருந்து கொடுத்தது. நான் முதலில் நம்பவில்லை, புல்டோசர் கதை நினைவிலிருந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு வாடிக்கையாளர், நாலு கோர் மெஷினில் ஒரு ஆல்பம் ரெண்டர் ஆக ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ரைசன் 1700 பற்றிச் சொன்னேன்.

"ஏஎம்டியா? சூடாகுமே அண்ணே."

"உங்க ப்ராஜக்ட்ட ஹார்ட் டிஸ்க்ல எடுத்துட்டு வாங்க. இங்கயே போட்டுப் பாப்போம்."

வந்தார். கடையிலேயே செட்டைப் பூட்டி அவருடைய ரிசப்ஷன் வீடியோவை ஓட்டவிட்டோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தேன். பதினாறு கட்டம், பதினாறும் உச்சியில். அவர் டீ குடித்துவிட்டு வந்து, கட்டங்களைப் பார்த்தார், கைவைத்து கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தார். ரெண்டர் பாதிக்குமேல் தாண்டியிருந்தது. அட்வான்ஸ் எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஒரு வருடத்தில் அவர் சொல்லி வந்த ஸ்டூடியோக்காரர்களே என் கடைக்குப் போதுமானவர்களாக இருந்தார்கள்.

2017 அக்டோபரில் இன்டெல் என்ன செய்தது என்பதுதான் என் வாதத்துக்குச் சாட்சி. ஜனவரியில் 182 டாலருக்கு ஐ5-7400 நாலு கோர். அக்டோபரில் அதே 182 டாலருக்கு ஐ5-8400 ஆறு கோர். நாலு கோர் ஐ3-8100 என்ற பெயரில் 117 டாலருக்கு இறங்கிவிட்டது. ஆறு வருடம் முடியாதென்று இருந்தது, ஒன்பது மாதத்தில் முடிந்தது. தொழிற்சாலை அதுதான், 14 நானோமீட்டர் தொழில்நுட்பமும் அதுதான். செய்ய முடியாமல் இருந்ததில்லை, செய்ய வேண்டிய தேவை இல்லாமல் இருந்தது. அந்த ஆறு வருடம் நாலு கோருக்கு முழு விலை கொடுத்த என் வாடிக்கையாளர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 2019-இல் பதினெட்டு கோர் ப்ராசஸரை 1,979 டாலரிலிருந்து 979 டாலருக்கு இன்டெல் இறக்கியபோதும் அதே கோபம் வந்தது.

அப்புறம் சக்கரம் திரும்பியது. 2020 நவம்பரில் ரைசன் 5000 வந்தது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்டெல்லை முந்தியது. முந்தைய தலைமுறையில் 199 டாலருக்கு ஆறு கோர் 3600 கொடுத்த ஏஎம்டி, புதிய ஆறு கோரை 5600எக்ஸ் என்று 299 டாலருக்கு வைத்தது. மலிவு மாடல் அப்போது வரவே இல்லை. கொரோனா காலத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. "ரைசன்னா சீப்புன்னு சொன்னீங்களே அண்ணே?" என்று பையன்கள் கேட்டார்கள். "இன்டெல் எழுந்து வரட்டும் தம்பி, அப்ப எறங்கும்" என்றேன். 2021 நவம்பரில் இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறை வந்தது, அடுத்த ஜனவரியில் ஐ5-12400 192 டாலர். ஏப்ரலில் ஏஎம்டி 5600-ஐ 199 டாலருக்குக் கொண்டுவந்தது. எக்ஸ் என்ற எழுத்து போனது, நூறு டாலரும் போனது. ஏஎம்டியைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2017-இல் வாங்கிய ஏஎம்4 போர்டு பலவற்றில் பயாஸ் மாற்றினால் அந்த 5600 ஓடியது. போர்டை மாற்றுங்கள் என்று சொல்லாமல் ப்ராசஸரை மட்டும் விற்றேன். அது நிம்மதியான வியாபாரம்.

இப்போது என் கவலை இன்டெல்லைப் பற்றி. பதிமூன்று, பதினான்காம் தலைமுறையின் உயர் மாடல்கள் நிலைகுலைந்து, 2024-இல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்ட வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் வந்த அல்ட்ரா வரிசை கேமில் ஏஎம்டியின் எக்ஸ்3டி மாடல்களை எட்டவில்லை. 394 டாலருக்கு வந்த அல்ட்ரா 7 265கே அடுத்த வருடமே 300 டாலர் அருகே வந்தது. வாங்குகிறவருக்கு அது நல்ல பேரம், வேலைக்கு வாங்குகிறவர்களுக்கு நானே சொல்லி விற்றேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே இன்டெல்லில் பத்து சதவீதம் அளவுக்குப் பங்கு எடுத்தது. நான் ஏஎம்டியை விற்றுத் தழைத்தவன், ஆனால் இன்டெல் படுத்துவிடக் கூடாது என்று மனதார வேண்டுகிறேன். 2011 முதல் 2017 வரை இருந்த நிலை, பெயர் மட்டும் மாறி வந்தால் என் கடை இன்னொரு முறை தாங்காது.

அதனால் என் கடையில் கொட்டேஷன் கேட்டால் இரண்டு பத்தி போட்டுத்தான் எழுதுவோம், இடது பக்கம் இன்டெல், வலது பக்கம் ஏஎம்டி. வாடிக்கையாளர் ஒன்றை மட்டும் கேட்டாலும் இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அலமாரியிலும் இரண்டு டப்பாவும் இருக்க வேண்டும். ஒன்று சரியாக விற்காத மாதங்களிலும் ஸ்டாக் வைக்கிறேன். போன வாரம் வந்த கல்லூரிப் பையனுக்கும் அப்படித்தான் எழுதினோம். ஒரு பக்கம் ஐ5-12400எஃப், ஹெச்610 போர்டு. மறுபக்கம் ரைசன் 5 5600, பி450 போர்டு. இரண்டுக்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். அவன் திகைத்தது மெமரி வரியைப் பார்த்து. மெமரிச் சில்லு செய்யும் பெரியவர்கள் மூன்றே பேர், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கு விற்றால் நல்ல லாபம் என்று மூவரும் அந்தப் பக்கம் சாய்ந்ததில் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை எகிறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறை விற்பதையே நிறுத்துகிறோம் என்று மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது.

"வீட்ல பழைய மெஷின் ஏதாவது கெடக்குதா தம்பி?"

"அப்பாவோடது ஒண்ணு இருக்குண்ணே. ஆன் ஆகல."

"ராம் டிடிஆர்4-ஆ இருந்தா கழட்டி எடுத்துட்டு வா. ரெண்டு செட்டுலயும் போகும்."

மெமரி வரியை அடித்துவிட்டு மொத்தத்தை மறுபடி கூட்டிக் கொடுத்தேன்.